உதவி கேட்பதற்கான படிவம்

சர்க்குலர் ஓய்வு பெற்ற மூன்றாம் நாளே அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் முதல் அறிவிப்பு ஒட்டப்பட்டது. 'பயன்பாட்டில் இல்லாத விளக்குகள் உடனுக்குடன் அணைக்கப்பட வேண்டும்' என்றது அது. எட்டாம் நாள் பிரிட்ஜ் கதவில் இரண்டாவது வந்தது: 'கதவைத் திறக்கும் முன் எடுக்க வேண்டிய பொருள் எதுவென முடிவு செய்துகொள்ளவும்.' அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான். அதில் ஒருவர் எழுதியவர் என்பதால், அறிவிப்பு யாருக்கு என்பதில் அவர் மனைவிக்குச் சந்தேகமே வரவில்லை.

ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாருக்கும் பழக்கமில்லை, எல்லோருக்கும் அவர் சர்க்குலர்தான். தலைமை அலுவலகத்தில் சுற்றறிக்கை எழுதும் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவர். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு எழுதியிருக்கிறார். கீழே இருக்கிற அலுவலகங்கள் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், எந்த நிற மையில் கையெழுத்துப் போட வேண்டும், காகிதத்தை எந்த மூலையில் குத்த வேண்டும் என்பது வரை எல்லாம் அவர் கைவரிசை. ஒவ்வொரு சுற்றறிக்கையின் அடியிலும் மறக்காமல் ஒரு விலக்கு வைப்பார். விதி என்று ஒன்று இருந்தால் விலக்கு என்று ஒன்று இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்த விலக்கை யாரும் பயன்படுத்திவிடக் கூடாது என்பதும் அவர் கொள்கைதான்.

மனைவி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிர்முனையில் ஆள் வாயைத் திறந்து மூச்சை இழுக்கும்போதே அவருக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்துவிடுகிற காது. பிரிட்ஜ் கதவை அரை நிமிடம் பார்த்தபடி நின்றார். பிறகு திரும்பி, "முப்பத்துநாலு வருஷம் ஊரத் திருத்தினது போதாதாங்க? வெளியில போய் யாருக்காவது உதவி பண்ணுங்க. எனக்கு வேண்டாம்" என்றார்.

அப்படித்தான் அவர் கைகொடுப்போர் சங்கத்தில் சேர்ந்தார்.

சங்கத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சர்க்குலரின் தலைமை அலுவலகத்துக்குக் கீழ் வரும் பொதுச் சேவை அலுவலகத்தின் முன்கூடத்தில் ஒரு காலத்தில் விசாரணை மேசை இருந்தது. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் மாற்றலாகிப் போனார், ஒருவர் லீவில் போனவர் போனவர்தான். காலியான நாற்காலிகளுக்கு ஆள் போடுவதற்குப் பதிலாக அலுவலகம் நாற்காலிகளையே எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு வயதானவர்களும், படிக்கத் தெரியாதவர்களும், கண் தெரியாதவர்களும் வெற்றுப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு தூணுக்குத் தூண் நின்றார்கள். அப்போதுதான் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர், எல்லோருக்கும் நர்ஸம்மா, நாலைந்து பேரைத் திரட்டிக்கொண்டு வந்து, நாங்கள் எழுதித் தருகிறோம் என்றார். சம்பளம் கொடுத்துச் செய்ய முடியாத வேலையைச் சும்மா செய்ய ஆள் கிடைத்ததில் அலுவலகத்துக்கு வாயெல்லாம் பல். ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, தனக்கு இஷ்டப்பட்டால் மட்டும் சுற்றும் ஒரு மின்விசிறி, பதினோரு ஷரத்துகள் கொண்ட ஓர் ஒப்பந்தம், எல்லாம் உடனே கிடைத்தன.

நர்ஸம்மா ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். சர்க்குலர் சேர்ந்த முதல் நாளே அதை இரண்டு தரம் படித்தார். ஆறாவது ஷரத்து, 'சங்கத்தின் மேசை எல்லா வகையிலும் அலுவலகத்தின் ஒரு பகுதியாகவே கருதப்படும்' என்றது. சங்கம் தன் பெயரில் பலகை மாட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சேர்த்த வரி அது. சர்க்குலரோ, மறுபடியும் அலுவலகத்தின் ஒரு பகுதியாகிவிட்டோம் என்று அந்த வரிக்கு அடியில் கோடு போட்டுக்கொண்டார்.

மேசை நடந்த விதம்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. யார் வந்து உட்கார்ந்தாலும் நர்ஸம்மா முதலில் உடம்பை விசாரிப்பார். பாதி பேருக்கு நாடி பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பார். கூட இருந்தவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தால் எட்டுப் பேருக்கு இடமிருக்கிறது என்பார். நெருக்கி உட்கார வைத்து, எட்டுப் பேரின் கதையையும் ஒரே நேரத்தில் கேட்டு, எழுதித் தள்ளிவிடுவார். சண்டையும் சிரிப்புமாகக் கூடம் சந்தைக்கடை போலிருக்கும். போன மாதம் எத்தனை பேருக்கு உதவினீர்கள் என்று சர்க்குலர் கேட்டார். "நிறைய பேருக்கு" என்றார் நர்ஸம்மா.

நிறைய பேர் என்பது ஓர் எண்ணா? அன்று இரவு சர்க்குலருக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் ஒரு பதிவேடு வந்தது. பிறகு டோக்கன் வந்தது. ஒரு மாதம் கழித்து, நீல நிறத் தாளில், இரண்டு பக்கத்தில், இருபத்திரண்டு கேள்விகளோடு 'உதவி கோரும் படிவம்' வந்தது. படிவம் நிரப்ப உதவி வேண்டுபவர்கள், முதலில் அந்த உதவியைக் கேட்டு இந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும். ஒன்பதாவது கேள்வி, பிறர் உதவியின்றி நிரப்ப இதற்கு முன் மேற்கொண்ட முயற்சிகளின் விவரம். பதினான்காவது கேள்விதான் அவருடைய மாஸ்டர் பீஸ்: 'தாமாக நிரப்ப இயலாமைக்கான காரணம் (விண்ணப்பதாரர் தம் கைப்பட எழுதவும்).'

நர்ஸம்மா அதைக் கண்ணாடியை ஏற்றி ஒரு தரமும் இறக்கி ஒரு தரமும் படித்தார். எழுதத் தெரியாதவன் எழுதத் தெரியாது என்பதை எப்படி எழுதுவான் என்று கேட்டார். அது விண்ணப்பதாரரின் பொறுப்பு என்றார் சர்க்குலர். விஷயம் மாடிக்குப் போயிற்று. மாடியில் இருந்த கண்காணிப்பாளர் சர்க்குலரிடமே பல வருடம் வேலை பழகியவர். அவரைப் பார்த்தால் இன்றைக்கும் சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொள்பவர். ஆண்டறிக்கைக்கு எண்கள் கிடைக்கும் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. படிவம் நிலைத்துவிட்டது.

கூட்டம் மளமளவென்று குறைந்தது. பெஞ்சில் மூன்று பேர், சில நாள் இரண்டு பேர். ஒழுங்கு வந்தால் கூட்டம் குறையத்தான் செய்யும் என்று சர்க்குலர் விளக்கினார். கண்டக்டர் காலியான பெஞ்சைப் பார்த்து, கடைசி டிரிப் மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தார்.

இரண்டு வாரம் கழித்து ஓர் அதிசயம் நடந்தது. வருகிற படிவங்கள் எல்லாம் முத்து முத்தாக நிரப்பப்பட்டு வந்தன. ஒன்பதாவது கேள்விக்குப் பதில் இருந்தது. பதினான்காவதற்குச் சுருக்கமாக, சுற்றி வளைக்காமல் பதில் இருந்தது: 'எழுத்து பொடியாக இருக்கிறது.' 'கை நடுங்குகிறது.' 'கேள்வி புரியவில்லை. என் மகளுக்கும் புரியவில்லை.' சர்க்குலர் ஒவ்வொரு கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர். ஆகையால் முப்பது பேருக்கும் ஒரே கையெழுத்து இருப்பது அவர் கண்ணில் படவில்லை. அதிலும் அது அவர் வீட்டு மளிகைச் சீட்டில் முப்பத்தாறு வருடமாகப் பார்த்த கையெழுத்து.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் பெருமை பொங்கச் சொன்னார். "ஜனங்க திருந்திட்டாங்க. நல்ல படிவம் ஒண்ணு கொடுத்தா போதும், தானா கத்துக்கறாங்க." மனைவி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினார். இப்போதெல்லாம் பகலில் நடைப்பயிற்சிக்குப் போய்வருவதாக மனைவி சொல்லியிருந்தார். பகல் பதினோரு மணி வெயிலில் யார் நடப்பார்கள் என்று சர்க்குலர் கேட்கவில்லை. வீட்டுக்கு இன்னும் பதிவேடு போடவில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இந்த நிலைமையில்தான், ஒரு செவ்வாய்க்கிழமை, இஸ்திரிக்காரர் வந்தார்.

அடுத்த தெருவில் துணி தேய்த்துக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர். சர்க்குலரின் சட்டைகளும் அங்கேதான் போகும். இஸ்திரிக்காரரின் மனைவிக்கு இரண்டு மாதத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வீட்டுக்கே ஆள் வந்து உடற்பயிற்சி கொடுக்கும் சேவை அந்த அலுவலகத்தில் உண்டு. இப்போதே ஆரம்பித்தால் எழுந்து நடக்க வாய்ப்பிருக்கிறது, விட்டுவிட்டால் பிறகு கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இந்த வருடத்துப் பட்டியல் வெள்ளிக்கிழமையோடு மூடுகிறது. அதை விட்டால் அடுத்த வருடம்தான்.

அவருக்கு எழுதத் தெரியாது. பதினான்காவது கேள்வியில் கட்டைவிரல் ரேகை வைத்திருந்தார். கைப்பட என்றால் கையால் எழுதுவது, விரலால் அல்ல என்று சர்க்குலர் பொறுமையாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். புதன்கிழமை வந்தார். இந்தத் தடவை பதில் இருந்தது. ஆனால் அடியில், 'இவருக்கு எழுதத் தெரியாததால் பக்கத்து வீட்டுக்காரனாகிய நான் எழுதுகிறேன்' என்று ஒரு நேர்மையான மனிதர் எழுதி வைத்திருந்தார். வேறொருவர் எழுதியது என்று தாளே ஒப்புக்கொள்ளும்போது சர்க்குலர் என்ன செய்ய முடியும்? அதையும் திருப்பினார். இஸ்திரிக்காரர் சண்டை போடவில்லை. தாளை நாலாக மடித்தார். மடித்த விளிம்பை, தொழில் பழக்கம், விரலால் ஒரு தரம் அழுத்தித் தேய்த்துக்கொண்டு போனார். வியாழக்கிழமை மனைவியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காததால் அவர் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குக் கண்டக்டர் டீ குடித்துவிட்டு உள்ளே வந்தார். முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு.

"சார், வெளியில சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் ஒரு தரம் போய்ப் பாருங்க. அங்க நம்ம பெஞ்ச விட கூட்டம் ஜாஸ்தியா இருக்கு."

சர்க்குலர் மேசை இழுப்பறையைப் பூட்டிவிட்டுப் போனார். படிவங்கள் அதற்குள்தான் இருந்தன, உண்மையான விண்ணப்பப் படிவங்களும் சேர்த்து. பூட்டாமல் எழுந்து பழக்கமில்லை.

சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் பரீட்சை அட்டை, காதோரம் பேனா. எதிரே இன்னொரு ஸ்டூலில் இஸ்திரிக்காரர். அவருக்குப் பின்னால் பதினாறு பதினேழு பேர், ஆளுக்கொரு நீலத் தாளோடு. நீலத் தாளை நிரப்புவதற்காகவே ஒரு தனி வரிசை அங்கே உருவாகியிருந்தது. கைகொடுப்போர் சங்கத்துக்கே கைகொடுக்க ஒரு சங்கம்.

இது என்ன நடைப்பயிற்சி என்று சர்க்குலர் கேட்டார்.

"வந்து வந்து போறேன் இல்லையா, அது நடைதானே" என்றார் மனைவி. தலையை நிமிர்த்தவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது. வரிசையில வர்றதா இருந்தா பின்னால போங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பேசாமல் உள்ளே போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சர்க்குலர் கையை நீட்டி, மனைவி எழுதி முடித்திருந்த இஸ்திரிக்காரரின் தாளை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் கேள்வியிலிருந்து தொடங்கினார். பதினான்காவது கட்டம் வந்ததும் நிமிர்ந்து, இது செல்லாது என்றார். இதுவும் செல்லாது, இதுவரை இந்தக் கையெழுத்தில் வந்த எதுவும் செல்லாது. கைப்பட என்பதன் பொருள், அது ஏன் வைக்கப்பட்டது, வைக்காவிட்டால் என்னென்ன குழப்பம் நேரும் என்றெல்லாம் நின்ற இடத்திலேயே விளக்கினார். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. இருபது நிமிடம் இருந்தது.

நடுவில் இஸ்திரிக்காரர் ஒரே ஒரு தரம், மணி ஆகிறது சார் என்றார். அதற்கும் ஒரு விளக்கம் கிடைத்தது.

சத்தம் கேட்டு நர்ஸம்மா வெளியே வந்தார். சர்க்குலரின் கையிலிருந்த சாவியை, மாத்திரை சாப்பிட மறுக்கும் நோயாளியிடமிருந்து டம்ளரை வாங்குவது போல வாங்கிக்கொண்டார். இஸ்திரிக்காரரைத் தோளைத் தொட்டுக் கூட்டிப்போய், இழுப்பறையைத் திறந்து, உண்மையான விண்ணப்பத்தை எடுத்தார். அது ஒரே பக்கம். மொத்தம் எட்டுக் கேள்வி. நர்ஸம்மா கேட்டுக் கேட்டு எழுதி, ரேகை வாங்கி முடிக்க மூன்று நிமிடம் ஆயிற்று. பின்னாலேயே வந்து நின்ற சர்க்குலர் அந்த ஒற்றைப் பக்கத்தை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். உதவி கேட்பதற்கு இருபத்திரண்டு, சேவை கேட்பதற்கு எட்டு.

விண்ணப்பம் வாங்கும் மூன்றாம் நம்பர் ஜன்னல் மூடியிருந்தது. கூடத்துக் கடிகாரத்தில் நாலு மணி ஏழு நிமிடம்.

கண்காணிப்பாளரே இறங்கி வந்தார். சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொண்டு, தயங்கித் தயங்கி, நாலு மணிக்குப் பிறகு விண்ணப்பம் வாங்குவதில்லை என்றார். அலுவலகம் ஐந்து வரை திறந்துதானே இருக்கிறது என்று கண்டக்டர் கேட்டார். நாலு முதல் ஐந்து வரை அன்றைய தாள்களை அடுக்குவதற்கான நேரம் என்றார் கண்காணிப்பாளர். சுற்றறிக்கை எண் நூற்று நாற்பத்தேழு. யார் எழுதியது என்று சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

சர்க்குலர் மூடிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் தன் சுற்றறிக்கையின் வெளிப்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் அதில் படிப்பதற்கு எதுவுமே இல்லை, வெறும் மரப்பலகைதான்.

இஸ்திரிக்காரர் விண்ணப்பத்தை நாலாக மடிக்க ஆரம்பித்தார். "பரவால்ல சார். அடுத்த வருஷம் வரேன். அவகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன்" என்றார். மடித்த விளிம்பில் விரலை வைத்து ஒரு தேய்ப்பு.

அவர் திட்டியிருந்தால் சர்க்குலரிடம் பதில் இருந்திருக்கும். திட்டுவோருக்குப் பதில் எழுதுவது எப்படி என்று எண்பத்தொன்றாம் சுற்றறிக்கையே இருக்கிறது. இதற்கு ஒன்றும் இல்லை. அவமானம் என்பதை அவர் மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருந்தார். இப்போது அது காது நுனி வரை ஏறியிருந்தது.

"மடிக்காதீங்க" என்றார். பிறகு கண்காணிப்பாளரைப் பார்த்து, நூற்று நாற்பத்தேழை எடுத்துவரச் சொன்னார்.

கோப்பு வந்தது. சர்க்குலர் கடைசிப் பத்திக்குப் போனார், அங்கே என்ன இருக்கும் என்று அவருக்குத்தானே தெரியும். 'விலக்கு: அலுவலகத்தின் செயலால் தாமதம் நேர்ந்திருப்பின், அதற்குக் காரணமானவர் அதனைத் தாமே ஒப்புக்கொண்டு, தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டுத் தரும் பட்சத்தில், அன்றே மாலை ஐந்து மணி வரை விண்ணப்பம் ஏற்கப்படலாம்.'

எழுதின அன்றைக்கு அவர் மனசுக்குள் சிரித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. தவறு என்னுடையது என்று ஓர் அலுவலகத்தில் எவன் எழுதித் தருவான் என்ற தைரியத்தில் வைத்த விலக்கு. இருபது வருடத்தில் ஒருவர்கூட அதைத் தொட்டதில்லை.

கண்காணிப்பாளருக்கு வியர்த்தது. "ஆனா சார், நீங்க இப்ப அலுவலகம் இல்லையே. சங்கம்தானே?"

"ஒப்பந்தம், ஆறாவது ஷரத்து" என்றார் சர்க்குலர். "எல்லா வகையிலும் அலுவலகத்தின் ஒரு பகுதி. எல்லா வகையிலும்னா இந்த வகையிலயும்தான்."

நர்ஸம்மா அப்போதுதான் தான் எதில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்று தெரிந்துகொண்டார்.

ஜன்னலோரப் பலகையில் ஒரு பேனா நூலில் கட்டியிருந்தது. நூல் ஒரு சாண்தான். எழுத வேண்டுமென்றால் குனிய வேண்டும். பேனாவைக் கட்டி வைக்கச் சொன்னதும் அவர்தான், அது எழுபத்துச் சொச்சமாவது சுற்றறிக்கை. சர்க்குலர் குனிந்து எழுதினார்: 'தவிர்க்க இயலாத சூழ்நிலையால் தாமதம் நேர்ந்துள்ளது.' தோளுக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"யாரால?"

அடித்துவிட்டு மறுபடி எழுதினார்: 'சங்க மேசையின் நடைமுறைகளால் தாமதம் நேர்ந்துள்ளது.' இந்தத் தடவை கண்காணிப்பாளர், கெஞ்சுகிற குரலில், காரணமானவர் தாமே ஒப்புக்கொள்ள வேண்டும் என்றல்லவா நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்றார். நல்ல மாணவர். கடிகாரம் நாலு நாற்பத்தைந்தைக் காட்டியது. கண்டக்டர் கையில் இல்லாத விசிலை ஊதத் துடிப்பவர் போல நின்றார்.

சர்க்குலர் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். முப்பத்து நான்கு வருடத்தில் லட்சக்கணக்கான வரிகள் எழுதிய கை. 'நான்' என்ற சொல்லோடு ஒரு வரிகூட எழுதியதில்லை என்பது அந்தக் கைக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த ஒரு சொல்லை எழுதுவதற்குள் அவருக்குக் கழுத்தெல்லாம் நனைந்துவிட்டது. பதினான்காவது கட்டத்துக்கு முன்னால் இஸ்திரிக்காரர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார். பிறகு எழுதினார்.

'இந்த விண்ணப்பதாரரை நான் செவ்வாயன்றும் புதனன்றும் தேவையில்லாமல் திருப்பி அனுப்பினேன். இன்றும் இருபது நிமிடம் நிற்க வைத்தேன். இந்தத் தாமதத்துக்கு நான் ஒருவனே காரணம். அவர்மீது எந்தத் தவறும் இல்லை.'

கையெழுத்துப் போட்டுத் தேதியும் நேரமும் குறித்தார். கண்காணிப்பாளர் வாசித்தார். வாசித்துவிட்டு ஏனோ மூக்கைத் துடைத்துக்கொண்டார். முத்திரை விழுந்தது. இஸ்திரிக்காரரின் விண்ணப்பம் அந்த வருடப் பட்டியலில் கடைசி ஆளாக, நாலு ஐம்பத்திரண்டுக்கு, உள்ளே போயிற்று. அவர் சர்க்குலரின் கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்தினார். சூடான கை.

எல்லோரும் கலையப் போகும் நேரத்தில், சர்க்குலரின் மனைவி கண்காணிப்பாளரிடம் வந்தார்.

"தம்பி, அந்தக் கடைசித் தாள் இருக்கு பாருங்க, அதுல எனக்கு ஒரு ஜெராக்ஸ் வேணும்."

கண்காணிப்பாளர் சர்க்குலரைப் பார்த்தார். சர்க்குலர் தரையைப் பார்த்தார். கோப்பிலுள்ள தாள்களின் நகல், சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான் தரலாம் என்று கண்காணிப்பாளர் இழுத்தார்.

"நான்தான் சம்பந்தப்பட்டவ" என்றார் மனைவி. "இப்படி ஒரு வரிய இவர் எழுதுவாரான்னு முப்பத்தாறு வருஷமா காத்துட்டு இருக்கேன்."

நகல் கிடைத்தது.

திங்கட்கிழமை நீலத் தாள்கள் மேசையில் இல்லை. மிச்சமிருந்த ஆயிரத்துச் சொச்சத்தையும் நர்ஸம்மா பின்பக்கம் குறிப்பெழுத வைத்துக்கொண்டார். பரீட்சை அட்டையும் பிளாஸ்டிக் ஸ்டூலும் கொட்டகையிலிருந்து கூடத்துக்குள் வந்தன. கண்டக்டர் ஐந்து பேர் பெஞ்சில் எட்டுப் பேரை ஏற்றினார். சர்க்குலர் பதிவேட்டை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அதில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, வந்தவருக்கு என்ன வேண்டும் என்று. அதையும் அவரே கேட்டு, அவரே எழுதினார். முதல் சில நாள் 'காரணம்' என்று கேட்க வாய் வரும். மனைவி பக்கத்து ஸ்டூலிலிருந்து லேசாக இருமுவார்.

இரண்டு மாதம் கழித்து இஸ்திரிக்காரர் தேய்த்த சட்டைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். மனைவி எப்படி இருக்கிறார் என்று சர்க்குலர் கேட்டார். கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் எதையும் பிடிக்காமல் நடந்தாள், நடந்து போய் என் கடையை எட்டிப் பார்த்து, மடிப்பு சரியில்லை என்று குறை சொன்னாள் என்றார் அவர். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. தண்ணீர் கேட்டார். சர்க்குலர் சமையலறைக்குப் போனார்.

சுவரில் விளக்கு அறிவிப்பு இருந்த இடத்தில் அந்த நகல் ஒட்டியிருந்தது. நாலு மூலையும் பிசிறில்லாமல், கண்ணாடித் தாள் போட்டு. விருந்தாளிகள் வந்தால் பார்ப்பார்களே, எடுத்துவிடலாமே என்று அவர் போன வாரம்தான் மனைவியிடம் கேட்டிருந்தார்.

"எடுக்கலாமே. ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுங்க" என்றிருந்தார் மனைவி. "என்ன காரணம்னு உங்க கைப்பட எழுதணும்."

சர்க்குலர் டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டே அதை இன்னொரு தரம் படித்தார். காரணம் எதுவும் தோன்றவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, தண்ணீரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.